கம்மல் டப்பாவில் ஒரு மாத்திரை

அத்தியாயம் ஒன்பது

"செருப்பை வாசல்லயே விடுங்க. திரும்பிப் போறப்போ தேட வேண்டியிருக்காது" என்றாள் அண்ணி.

கதவைத் திறந்தாளே தவிர வழி விடவில்லை. ஒரு கை நிலையில், ஒரு கை இடுப்பில். அவள் தோளுக்குப் பின்னால் அண்ணன் நின்றான். அது தூக்கத்தைத் தொலைத்த முகம்.

இளையவள் அண்ணியின் கையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். பதினோரு நாளைக்கு முன்னால், கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த அந்த நாலடி நடையில்தான் அப்பா விழுந்தார். விழுந்தவர் எழவில்லை. அவள் கைப்பையில் போலீசுக்கு எழுதிய புகார் மடித்திருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஐந்து மணிக்குள் கொண்டுவந்தால், அப்பாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸை இன்றைக்கே கூட்டிவந்து விசாரிப்பதாக ஸ்டேஷனில் சொல்லியிருந்தார்கள். இப்போது மணி ஒன்றரை.

அவளுடன் வந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். இருபது வருடம் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து, செத்தவர் தானாகச் செத்தாரா இல்லையா என்று கோப்புகளை நிறுத்துப் பார்த்தவர். வேலையை விட்டுத் தனியாகத் துப்பறியக் கிளம்பிய பிறகும், அந்த அலுவலகத்தில் வைத்த 'தராசு' என்ற பெயர் அவரை விடவில்லை. கூட வந்த உதவியாளன் முன்பு வக்கீல் குமாஸ்தா. எதைக் கேட்டாலும் அடுத்த வாரம் என்பானாம், அதனால் 'வாய்தா'.

"செத்தவரைத் தோண்டி எடுத்து விசாரிக்க ஆள் கூட்டிட்டு வந்திருக்கியா?" என்றான் அண்ணன்.

"தோண்டலைங்க. மண்வெட்டி எல்லாம் ஆபீஸ்லயே வச்சிட்டு வந்துட்டோம்" என்றான் வாய்தா.

யாரும் சிரிக்கவில்லை. இளையவளுக்கு இவனைக் கண்டாலே ஆகாது. தராசுக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட சொன்னதை இவங்க முன்னாடியே சொல்லுங்க" என்றார் தராசு.

இளையவள் கைப்பையைத் திறந்தாள். சின்ன கம்மல் டப்பா. உள்ளே பஞ்சின் மேல் ஒரு மாத்திரை: வட்டமாக, வெளிறிய செங்கல் நிறத்தில்.

"பிரஷருக்கும் நெஞ்சு வலிக்கும் அப்பா தினமும் காலைல ஏழு மணிக்கு எடுத்துக்கிட்ட மாத்திரை இதுதான். நீங்க ரெண்டு பேரும் பயிற்சி முகாம்னு ஒரு வாரம் கிளம்பினீங்கல்ல, அப்ப ஞாயித்துக்கிழமை சாயந்தரம் நான் வந்தேன். மறுநாள் காலைல, அவருக்கு ராத்திரிக்கு மட்டும் வைக்கிற பெட்பேன்ல முழு மாத்திரை கிடக்குது. செவ்வாய்க்கிழமையும் அதே. அதைக் கழுவி எடுத்து வச்சிருக்கேன். உள்ள போனது உடையாம, கரையாம அப்படியே வெளிய வருதுன்னா அது மருந்தா, சுண்ணாம்புக் கட்டியா? யாரோ அவருக்குப் போலி மாத்திரை கொடுத்திருக்காங்க. மாத்தி வச்சது அந்த நர்ஸ்தான்."

"மூணு வருஷமா பெட்பேன் எடுத்தவங்க அவங்க. நீ எடுத்தது அஞ்சு நாள்" என்றாள் அண்ணி.

"அந்த அஞ்சு நாள்ல நான் பார்த்ததை நீங்க மூணு வருஷமா பார்க்கலியே அண்ணி. கால் ரெண்டும் பன்னு மாதிரி வீங்கிக் கிடந்தது. அழுத்தினா குழி விழுந்தது. கேட்க நாதியில்ல. நான் சமைச்சுப் போட்டேன், நானே ஊட்டினேன். மாத்திரையைக்கூட அவருக்குத் தோதாப் பக்குவம் பண்ணிக் கொடுத்தேன். புதன்கிழமையிலேர்ந்து மாத்திரை வெளிய வரவே இல்ல. உங்க சாப்பாட்டுல கெட்ட வயிறு என் கைல சரியாச்சு. முகத்துல ரத்தம் ஊறி, செவசெவன்னு ஆயிட்டார்."

"அப்புறம் வெள்ளிக்கிழமை செத்துட்டார்" என்றான் அண்ணன்.

இளையவளுக்கு அவன் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. தராசு ஜன்னலோரம் போய், அப்பாவின் மாத்திரைப் பெட்டியை எடுத்தார். வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு அறை. சனி, ஞாயிறு அறைகளில் மட்டும் ஒவ்வொரு மாத்திரை மிச்சம்.

"அட்டையெல்லாம் எங்க?"

"பிரிச்சு இதுல போட்டதும் தூக்கி எறிஞ்சிடுவேன். வீட்டுல குப்பை சேர்றது எனக்குப் பிடிக்காது" என்று சொல்லிவிட்டு, வாய்தாவை ஏற இறங்கப் பார்த்தாள் அண்ணி.

"புரியுது. நான் வெளிய நிக்கிறேன்" என்றான் வாய்தா.

*

மருந்துக்கடை தெருமுனையில் இருந்தது. கடைக்காரர் கம்மல் டப்பாவைப் பார்த்ததைவிட இளையவளின் முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"நீங்கதானா அது? போன வாரம் என் கடையில போலி மருந்து விக்குதுன்னு போன்ல கத்தினது?"

"கத்தல. கேட்டேன்."

"நீங்க கேட்டது பக்கத்து டெய்லர் கடை வரைக்கும் கேட்டுச்சு. மூணு பேர் வாங்கின மருந்தைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போனாங்க."

வாய்தா கல்லாவில் முழங்கையை ஊன்றிக்கொண்டான். "அண்ணே, கோபம் நியாயம். எங்க மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்பாங்க. பதில் சொல்லிட்டு நீங்க எங்களையும் திட்டலாம். நான் முன்னாடி நிக்கிறேன், வாட்டமா இருக்கும்."

கடைக்காரர் டப்பாவைப் பிடுங்கினார். மாத்திரையை நகத்தால் தட்டினார். இழுப்பறையிலிருந்து பிளேடை எடுத்து, இளையவள் தடுப்பதற்குள் குறுக்கே ஒரே அழுத்து. பிஸ்தா ஓடு மாதிரி இரண்டாகப் பிளந்தது. உள்ளே காய்ந்த பசை கொஞ்சம் ஒட்டியிருந்தது. மற்றபடி வெற்றிடம்.

"இது மாத்திரை இல்லம்மா. மாத்திரையோட கூடு. மருந்து போயிடுச்சு. பை மட்டும் வெளிய வந்திருக்கு." பூதக்கண்ணாடியை அவள் பக்கம் தள்ளினார். "மேல பாருங்க, ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. வயித்துல இருக்கிற தண்ணி உள்ள போகும், உள்ள இருக்கிறது ஊதும், மருந்தை அந்த ஓட்டை வழியா நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளும். வேலை முடிஞ்சதும் கூடு முழுசா வெளிய வரும். வந்தாத்தான் ஒழுங்கு."

இளையவள் குனிந்து பார்த்தாள். ஓட்டை இருந்தது.

"அப்ப அந்தக் கால் வீக்கம்?" என்றார் தராசு.

"அதுவும் இந்த மருந்துதான். ரத்தக்குழாய்ச் சுவர்ல தசை இருக்கு. அது இறுகணும்னா கால்சியம் உள்ள போகணும். இந்த மருந்து அந்த வாசலை அடைக்குது. குழாய் தளரும், பிரஷர் இறங்கும், நெஞ்சுக்கும் ரத்தம் தாராளமாப் போகும். நல்ல மருந்து. சில பேருக்குக் கணுக்கால்ல நீர் தங்கும். பெரியவரோட டாக்டர் மாசாமாசம் காலை அழுத்திப் பார்த்துட்டுத்தான் சீட்டு எழுதினார். என்கிட்ட நகல் இருக்கு."

"எங்க கோர்ட் வாசல் டவாலி மாதிரின்னு சொல்லுங்க" என்றான் வாய்தா. "காலைலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் ஒவ்வொரு ஆளா விடுவார். ஒரு நாள் அவர் லீவு. மொத்தக் கூட்டமும் ஒரே தள்ளு. ஜட்ஜே மேஜைக்கு அடியில போயிட்டார்."

கடைக்காரர் முதல் முறையாக அவனை மதித்துப் பார்த்தார். "அதேதான். அதனாலதான் இதை உடைக்கக் கூடாது, கடிக்கக் கூடாது."

"உடைச்சா?" தராசு இதைக் கேட்டபோது இளையவளைப் பார்க்கவில்லை. எதிர் அலமாரியில் இருமல் மருந்தின் விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் மருந்து ஒரே மூச்சுல இறங்கும். வயசானவர், இதய நோயாளி. குழாய் எல்லாம் ஒண்ணா விரியும். முகம் செவசெவன்னு ஆகும், நெஞ்சு படபடக்கும், தலை சுத்தும். தப்பிச்சா அதோட போச்சு. தப்பிக்கலைன்னா, எழுந்து நிக்கிற நேரத்துல பிரஷர் தடால்னு விழும். ஆளும் விழுவார்."

சாலையில் ஒரு லாரி போயிற்று. கண்ணாடிப் புட்டிகள் மெல்ல அதிர்ந்தன.

"நர்ஸ்தான் உடைச்சிருப்பா" என்றாள் இளையவள்.

சொன்ன பிறகுதான் தன் குரலே அவள் காதில் விழுந்தது. தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது.

"அப்ப அவங்களையே கேட்டுடலாம்" என்றார் தராசு.

கடைக்காரர் இரண்டு பாதிக் கூட்டையும் டப்பாவில் போட்டு மூடி, அவள் பக்கம் தள்ளினார். "டெய்லர் கடையிலயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அதே சத்தத்துல."

*

நர்ஸை வேலைக்கு அனுப்பும் நிறுவனம் விலாசம் தர மறுத்தது. வாய்தா ஆட்டோவிலிருந்தே மறுபடி போன் போட்டு, அந்த அம்மாவின் குடை தன்னிடம் இருப்பதாகவும், அது நனைந்து நாறுவதாகவும், இன்றைக்கே கொடுக்காவிட்டால் நிறுவனத்தின் வாசலில் தொங்கவிட்டுப் போவதாகவும் சொன்னான். இரண்டு நிமிடத்தில் விலாசம் வந்தது.

இளையவள் வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வேலைக்காரி மாதிரி ஒரு நர்ஸ், வேலைக்குப் போகும் ஒரு மருமகள், தலையாட்டி பொம்மை மாதிரி ஒரு மகன். இந்த மூன்று பேருக்கு நடுவில் அப்பா அநாதையாகக் கிடந்தார் என்றுதான் மூன்று வருடமாக நினைத்திருந்தாள். அப்படி நினைப்பதில் ஒரு தெம்பு இருந்தது. இப்போது கம்மல் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், பிடி தளரவில்லை.

"மேடம், திரும்பிடலாமா?" என்றாள் திடீரென்று. "நேரமாகுது. அஞ்சு மணிக்கு ஸ்டேஷன்."

"போற வழிதான்" என்றார் தராசு.

போகிற வழி இல்லை. நேர் எதிர்த் திசை. வாய்தாகூட அதைச் சொல்லவில்லை.

இஸ்திரிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. நர்ஸுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சீருடை தோய்த்து ஆணியில் மாட்டியிருந்தது. இளையவளைக் கண்டதும் கதவை மூடப் போனார். வாய்தா தன் செருப்புக் காலை இடையில் வைத்தான்.

"மூடுங்கம்மா, பரவாயில்ல. சுண்டு விரல் ஏற்கெனவே உடைஞ்சதுதான்."

"என்ன வேணும்?" நர்ஸ் இளையவளைத்தான் கேட்டார். "உங்க போனுக்கு அப்புறம் நிறுவனத்துல என்னை நிறுத்தி வச்சிட்டாங்க. பதினோரு நாளா கீழ இஸ்திரி போடுறேன். இன்னும் என்ன மிச்சம்? போலீஸா?"

"உங்க புத்தகத்தைப் பார்க்கணும்" என்றார் தராசு. "அதோ, பிளாஸ்டிக் உறை போட்டு வச்சிருக்கீங்களே. நோயாளி வீட்டுல வேலை பார்க்கிறவங்க எல்லாரும் எழுதுறதுதானே."

நர்ஸ் கதவிலிருந்து கையை எடுத்து அவர்களை உள்ளே விட்டார். பிறகு புத்தகத்தை எடுத்துவந்து, தராசிடம் கொடுக்காமல், இளையவளின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இதை ஏற்கெனவே ஒரு தடவை உங்ககிட்ட நீட்டினேன். ஞாயித்துக்கிழமை சாயந்தரம், உங்க அண்ணன் வீட்டு வாசல்ல. ஒரு நிமிஷம் உட்காருங்க, முக்கியமானது ரெண்டு சொல்லிட்டுப் போறேன்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

இளையவள் கம்மல் டப்பாவைக் கைப்பைக்குள் திணித்தாள்.

"என் அப்பாவைப் பார்த்துக்க நீங்க எனக்குச் சொல்லித் தரணுமா, ஒரு வாரம் லீவு, கிளம்புங்கன்னீங்க. புத்தகத்தை என் பையிலேயே திருப்பித் திணிச்சீங்க."

தராசு புத்தகத்தை வாங்கிப் பிரித்தார். கோடு போட்ட பக்கங்கள். தேதி, பிரஷர் அளவு, சாப்பாடு, மாத்திரை கொடுத்த நேரம், கொடுத்தவர். கடைசிக் கட்டத்தில், நாள் தவறாமல் ஒரே வரி: கூடு வந்தது. கூடு வந்தது. கூடு வந்தது. மூன்று வருடம்.

அவர் முதல் பக்கத்துக்குத் திரும்பி, அதை இளையவள் பக்கம் காட்டினார். சிவப்பு மையில், கட்டம் கட்டி எழுதியிருந்தது:

'பிரஷர் மாத்திரை முழுதாகவே விழுங்க வேண்டும். உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. வெறும் கூடு வெளியே வரும், பயப்பட வேண்டாம். ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் பார்க்கவும். தொடர்ந்து வராவிட்டால் எனக்குச் சொல்லவும்.'

கீழே இஸ்திரிப் பெட்டி துணியின் மேல் இறங்கும் சத்தம் கேட்டது.

"திங்கட்கிழமை கூடு வந்தது" என்றார் தராசு. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "செவ்வாய் வந்தது. புதன்லேர்ந்து வரல. வயிறு சரியாச்சுன்னு சொன்னீங்க. முகம் செவந்தது, ரத்தம் ஊறிச்சுன்னு சொன்னீங்க. பக்குவம் பண்ணிக் கொடுத்தேன்னு சொன்னீங்க. உங்க அண்ணன் வீட்டுல நீங்க பேசி முடிக்கும்போதே எனக்குப் பாதி தெரிஞ்சுபோச்சு. மீதிக்குத்தான் மருந்துக்கடைக்குப் போனோம்."

"அப்புறம் எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீங்க?" இளையவளின் பேச்சில் சீற்றம் மட்டும் இருந்தது. "என்னை அவமானப்படுத்தவா?"

"அஞ்சு மணிக்குக் கையெழுத்துப் போடப் போறீங்க. யார் மேல போடுறோம்னு முகத்தைப் பார்த்துட்டுப் போடணும்."

இளையவள் நர்ஸின் முகத்தைப் பார்த்தாள். அதில் இரக்கம் எதுவும் இல்லை. கெஞ்சலும் இல்லை.

"எதுல பொடிச்சீங்க?" என்றார் நர்ஸ்.

தொழில் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. அதனாலோ என்னவோ பதில் தானாக வந்தது.

"இஞ்சி இடிக்கிற சின்ன உரல்ல. முழுசா வெளிய வருதே, உடம்புல ஒட்டலியேன்னு பொடிச்சேன். கெட்டியா இருந்தது. ரொம்ப நேரம் இடிச்சேன். கசக்கும்னு தேன்ல குழைச்சேன்."

"அவர் ஒண்ணும் சொல்லலியா?"

"முழுசாவே முழுங்கிடுறேனேம்மான்னார்." அவள் நிறுத்தினாள். "சும்மா இருங்கப்பா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னேன். வியாழக்கிழமை தலை சுத்துதுன்னார். இத்தனை நாள் பட்டினி போட்டா சுத்தாம என்ன செய்யும்னு அண்ணியைத் திட்டினேன். தேன் நல்லா இருக்குன்னு சொன்னார். வெள்ளிக்கிழமை காலைல கரண்டியை நக்கினார்."

வாய்தா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

தராசு பக்கங்களைப் புரட்டினார். ஞாயிற்றுக்கிழமையோடு நர்ஸின் கையெழுத்து நின்றிருந்தது. அதற்குக் கீழே தேதி மட்டும் போட்டு ஐந்து வரிகள். மற்றதெல்லாம் காலி.

"அதை எதுக்கு விட்டு வச்சிருக்கீங்க?"

"யார் கொடுத்தாங்களோ அவங்கதான் எழுதணும்" என்றார் நர்ஸ். "நான் இல்லாத நாளை நான் எழுத மாட்டேன். அது பொய்க் கணக்கு. உங்க அப்பா பஸ் டிப்போவில நேரக் காப்பாளரா இருந்தவர். பஸ் கிளம்பின நிமிஷத்தை, கிளப்பினவன்தான் எழுதணும், அடுத்தவன் எழுதக் கூடாதுன்னு தினமும் சொல்லுவார். இந்தப் புத்தகத்தை என்னை எழுத வச்சதே அவர்தான்."

இளையவள் கைப்பையைத் திறந்தாள். புகாரை எடுத்தாள். இரண்டு பக்கம், முத்து முத்தான எழுத்து, நர்ஸின் பெயர் நாலு இடத்தில். அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மடித்துப் புத்தகத்துக்கு அடியில் வைத்தாள், எழுதுவதற்கு ஒரு தாங்கல் மாதிரி.

"பேனா" என்றாள்.

வாய்தா சட்டைப்பையிலிருந்து எடுத்தான். எழுதுகிறதா என்று தன் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு நீட்டினான்.

அவள் தரையில் உட்கார்ந்து எழுதினாள். திங்கள்: முழுதாகக் கொடுத்தேன். செவ்வாய்: பொடித்து, தேனில் கொடுத்தேன். புதன்: பொடித்து, தேனில் கொடுத்தேன். வியாழன். வெள்ளி. கொடுத்தவர் என்ற இடத்தில் ஐந்து முறை 'மகள்' என்று போட்டாள்.

நர்ஸ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார். அவர் தோளைத் தொடுவார் என்றோ, ஏதாவது சொல்வார் என்றோ இளையவள் எதிர்பார்த்திருந்தால், அது நடக்கவில்லை.

"நேரம் போடல" என்றார் நர்ஸ்.

அவள் நேரத்தைப் போட்டாள். ஏழு மணி. ஏழு மணி. ஏழு மணி. ஏழு மணி. ஏழு மணி. அப்பாவுக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் பிடிக்காது என்று அவள் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை.

"கடைசிக் கட்டம்."

முதல் இரண்டு வரியில் 'கூடு வந்தது' என்று எழுதினாள். மூன்றாவது வரியில் பேனா நின்றது. கீழே யாரோ இஸ்திரிக்காரரிடம் சட்டைக் கணக்குக் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தராசு கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

'வரவில்லை' என்று எழுதினாள். அடுத்த வரியிலும், அதற்கடுத்த வரியிலும்.